இளங்கலையில் இதழியல் படிப்பது வீணா?

கேள்வி: “பிளஸ் டூ முடித்திருக்கிறேன். பி.ஏ. இதழியல் சேர ஆசை. ஆனால் ‘அதெல்லாம் மூன்று வருடம் உட்கார்ந்து படிக்கிற விஷயமா, ஏதாவது ஒரு டிகிரி வாங்கிக்கொண்டு நேராகப் பத்திரிகையில் சேர்ந்துவிடலாம்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா?”

அந்த ‘எல்லோரும்’ யார் யார் என்று எனக்கு நன்றாகவே தெரியும். 2011ல் எங்கள் வீட்டுக் கூடத்திலும் அதே கூட்டம்தான் உட்கார்ந்திருந்தது. பி.காம். படித்தால் பேங்க் பரீட்சை எழுதலாம் என்றார் அப்பா. பொம்பளைப் பிள்ளை ராத்திரி வேலைக்குப் போகணுமே என்றார் பெரியப்பா. உங்கள் வீட்டிலும் ஏறக்குறைய இதே பேச்சாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

வீண் இல்லை. நான் படித்தேன், இன்னொரு முறை கேட்டாலும் அதையேதான் எடுப்பேன்.

செய்தி எழுதப் பழகுவதற்கு மூன்று வருடம் தேவையில்லை என்பது உண்மைதான், அதை மறுக்கவில்லை. நிருபர்கள் அனுப்பும் செய்தியைத் திருத்திப் பக்கத்தில் ஏற்றும் டெஸ்க்கில் ஒரு நல்ல சீனியர் பக்கத்தில் மூன்று மாதம் உட்கார்ந்தால் கை பழகிவிடும். தமிழில் பேர் வாங்கிய பத்திரிகையாளர்கள் பலர் இதழியல் படிக்காதவர்கள். வேறு துறையில் படித்துக்கொண்டே விகடன் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் வழியாக வந்தவர்கள் எத்தனையோ பேர். இதைச் சொல்ல யாரும் பின்னூட்டத்தில் பட்டியல் போட வேண்டாம், அவர்களில் சிலரிடம் நானே வேலை கற்றிருக்கிறேன். ஆனால் டெஸ்க்கில் யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தராத விஷயங்கள் சில உண்டு, அதில் முதலாவது சட்டம்.

இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு ஊடகச் சட்டம் என்று ஒரு பேப்பர் இருந்தது. எடுத்தவர் பல வருடம் நிருபராக இருந்துவிட்டு வகுப்புக்கு வந்தவர். கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன் கதையை நக்கீரன் பத்திரிகை வெளியிட இருந்தபோது அதிகாரிகள் தடுக்கப் பார்த்ததையும், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனதையும் இரண்டு வகுப்பு முழுக்கச் சொன்னார். அச்சாவதற்கு முன்பே தடுத்து நிறுத்த அரசுக்கு அதிகாரம் இல்லை, பொது ஆவணங்களில் இருப்பதை எழுத யாருடைய சம்மதமும் வேண்டாம் என்று 1994ல் தீர்ப்பு வந்தது. அதே தீர்ப்பில் ஒரு விலக்கும் இருக்கிறது, பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயர் ஆவணத்தில் இருந்தாலும் வெளியே வரக்கூடாது. “முதல் பாதியை எல்லாரும் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள், நீங்கள் இரண்டாவது பாதியையும் வைத்துக்கொள்ளுங்கள்” என்றார் சார்.

2015ல் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் பயிற்சி உதவி ஆசிரியராக இருந்தேன். சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. இரவு பத்தரை மணிக்குள் பக்கம் அச்சுக்குப் போக வேண்டும். பத்தே காலுக்குத் தாலுகா நிருபரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. எட்டாம் வகுப்புச் சிறுமி, பக்கத்து வீட்டுக்காரர் போக்சோவில், அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டத்தில், கைது. சிறுமியின் பெயரை நிருபர் எழுதவில்லை. ஆனால் அப்பா வைத்திருக்கும் சைக்கிள் கடை, தெருப் பெயர், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. அந்தத் தெருவில் எத்தனை சைக்கிள் கடை இருந்துவிடப் போகிறது? கைதானவரின் முகவரியை எடுக்காமல் விட்டாலும் போச்சு, பக்கத்து வீடு என்று மேலேயே எழுதியிருக்கிறதே.

நான்கு வரியை எடுத்தேன். பொறுப்பில் இருந்தவர் பார்த்துவிட்டு, “பேருதான் இல்லையேம்மா, அப்புறம் எதுக்கு வெட்டுறே? செய்தில என்ன மிச்சம் இருக்கு?” என்று சத்தம் போட்டார். போக்சோ சட்டம் 23ஆவது பிரிவு சார் என்றேன். எங்கே இருக்கு காட்டு என்றார். செல்போனில் எடுத்து நின்றபடியே படித்தேன். பெயர், முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி, அடையாளம் காட்டக்கூடிய வேறு எதுவும் வெளியிடக்கூடாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பதிப்பாளரும் உரிமையாளரும் சேர்ந்தே பொறுப்பு. அந்தக் கடைசி வரியில்தான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. பக்கம் பன்னிரண்டு நிமிடம் தாமதமாகப் போனது.

மறுநாள் காலையில் இன்னொரு பத்திரிகையில் கடை, தெரு, பள்ளிக்கூடம் அத்தனையும் வந்திருந்தது. பொறுப்பில் இருந்தவர் அதைக் கொண்டுவந்து என் மேஜையில் போட்டு, “அவனுக்கு என்ன ஆயிடுச்சு?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஒன்றும்தான் ஆகவில்லை.

ஒரு வாரம் கழித்து அந்தத் தாலுகா நிருபரே போன் செய்தார். “மேடம், இனிமே இப்படிக் கேஸ் வந்தா எதெல்லாம் போடக்கூடாதுன்னு ஒரு பேப்பர்ல எழுதி அனுப்புங்க” என்றார். இருபது வருடமாக நிருபராக இருப்பவர், தாலுகாவில் அவருக்குத் தெரியாத ஆள் கிடையாது. அவரிடம் யாரும் இதைச் சொன்னதே இல்லை. களத்தில் இறங்கினால் எல்லாம் தானாக வரும் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அவர்தான் ஞாபகத்துக்கு வருவார். அவரைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சம்பளம் என்று சொல்ல முடியாத ஒரு தொகையைக் கொடுத்து, தீபாவளி மலருக்கு ஜவுளிக்கடை விளம்பரமும் நீயே பிடித்து வா என்று அனுப்புகிறவர்கள், ஒரு நாள் உட்கார வைத்து இந்தப் பிரிவைச் சொல்லித் தந்திருக்கலாம்.

    

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வேறு பட்டம் முடித்துவிட்டு ஒரு வருட முதுநிலை டிப்ளமோ படிக்கும் வழியும் இருக்கிறது, தரமணி ஏசியன் காலேஜ் ஆப் ஜர்னலிசம் அப்படித்தான். கட்டணம் லட்சக்கணக்கில் வரும், எங்கள் வீட்டில் அதற்கு வழியில்லை, உங்கள் வீட்டில் முடியுமானால் பொருளாதாரமோ புள்ளியியலோ படித்துவிட்டு அங்கே போவதும் நல்ல யோசனைதான். விஸ்காமும் (விஷுவல் கம்யூனிகேஷன், காட்சித் தொடர்பியல்) இதழியலும் ஒன்று என்று யாராவது சொன்னால் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள், கேமரா, எடிட்டிங், விளம்பரம் என்று நிறைய இருக்கும், சட்டமும் செய்தி எழுதுவதும் எவ்வளவு என்று எண்ணுங்கள். இதழியல் துறைகளிலும் ஒருநாள்கூடச் செய்தி அறையில் வேலை பார்க்காதவர்களே பாடம் எடுக்கும் இடங்கள் உண்டு. கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தகுதித் தேர்வு பாஸ் செய்தவர்களைத் தாழ்த்திச் சொல்லவில்லை, கோட்பாடு எடுக்க அவர்கள் வேண்டும், ஆனால் துறை முழுக்க அவர்களாகவே இருந்தால் யோசியுங்கள்.

விண்ணப்பம் வாங்கும் முன் ஒருநாள் கல்லூரிக்கு நேரில் போய், துறையில் மாணவர்கள் நடத்தும் பத்திரிகையைக் காட்டச் சொல்லுங்கள். தேதியைப் பாருங்கள். உள்ளே கல்லூரி ஆண்டு விழாப் படங்களாகவே இருக்கிறதா, பக்கத்துத் தெருக் குப்பையைப் பற்றி ஒரு செய்தியாவது இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் சார் ஆளுக்கொரு பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போட வைத்தார், என் வார்டு தெருவிளக்குக்கு முப்பது நாளில் வர வேண்டிய பதில் மேல்முறையீடு செய்த பிறகுதான் வந்தது, அதுதான் என் பெயர் போட்டு வந்த முதல் செய்தி. அந்த மாதிரி ஒரு செய்தியாவது அந்த இதழில் இருந்தால் சேருங்கள். இதழே இல்லை, அடுத்த மாதம் வரும் என்று இழுத்தால் அடுத்த கல்லூரிக்குப் பஸ் ஏறுங்கள்.