குட்டை ரைபிள் யாருக்கு?

சென்ற இதழில் நியூசிலாந்தில் மான் வேட்டைக்குப் போய்வந்த அனுபவத்தை எழுதியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் துப்பாக்கியைப் பற்றியவை. அவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

*கேள்வி: என் உயரம் 153 செண்டிமீட்டர். கணவருக்கு ஹேமில்டனில் வேலை கிடைத்திருப்பதால் விரைவில் நியூசிலாந்துக்குக் குடிபோகிறோம். அங்கே வேட்டை கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசை. ‘காம்பேக்ட்’ என்று விற்கும் குட்டை போல்ட் ரைபிள் (ஒவ்வொரு தடவையும் கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றுவது) சிறுபிள்ளைகளுக்கானது என்று கணவரின் நண்பர்கள் சொல்கிறார்கள். நான் அதை வாங்கலாமா?*
— வாசகி, பொங்கோல்

தாராளமாக வாங்கலாம், அம்மா. என் வலது புருவத்துக்கு மேல் பிறை வடிவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. அதுதான் இந்தக் கேள்விக்கு என் பதில்.

நான் 162 செண்டிமீட்டர். முதல் பயணத்தில் வழிகாட்டி தன்னுடைய முழு நீள ரைபிளைக் கொடுத்தார். அதன் கட்டை, அதாவது தோளில் வைக்கும் பின்பகுதி, எனக்கு நீளம். தோளில் வைத்தால் விசைக்கு விரல் சரியாக எட்டவில்லை. கழுத்தை முன்னால் நீட்டி, கட்டையின் மேல் ஊர்ந்து போய்க் கண்ணை ஸ்கோப்புக்கு, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கிக்கு, பக்கத்தில் கொண்டுபோய்விட்டேன். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே சுமார் 9 செண்டிமீட்டர் இடைவெளி வேண்டும். எனக்கு அதில் பாதிகூட இல்லை. சுட்டதும் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழித்தது. மறுநாள் காலை வழிகாட்டி தன் மகளின் ரைபிளை எடுத்துவந்தார். தோளில் வைத்த உடனே கன்னம் தானாகக் கட்டையில் படிந்தது, கண்ணுக்கு முன்னால் வட்டம் முழுதாகத் தெரிந்தது. துப்பாக்கி உடம்புக்குப் பொருந்துவது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஆகவே குழலின் நீளத்தை அப்புறம் பாருங்கள். முதலில் கட்டையின் நீளத்தைப் பாருங்கள். விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை வழக்கமான ரைபிளில் ஏறக்குறைய பதின்மூன்றரை அங்குலம் இருக்கும்; காம்பேக்டில் பன்னிரண்டரை அங்குலம். கடையில் போல்டைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று நீங்களே கண்ணால் பார்த்துவிட்டு, முழங்கையை மடக்கி, கட்டையின் பின்முனையை முழங்கை மடிப்பில் வையுங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணு விசை இருக்கும் இடத்தைத் தொட்டால் அது உங்கள் அளவு. சட்டைக்குத் தோள் அளவு பார்ப்பதைப் போலத்தான் இது. இதில் பிள்ளை, பெரியவர் என்ற பேச்சே கிடையாது.

குழல் குட்டையாக இருந்தால் குண்டின் வேகம் குறையுமே என்பார்கள். குறையும். 308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகையில், குழல் ஓர் அங்குலம் குறைந்தால் வேகம் வினாடிக்கு 20 முதல் 25 அடி வரை குறையும். 22 அங்குலக் குழலை விட்டு 18 அங்குலத்துக்கு வந்தால் நூறு அடிக்குள்தான் இழப்பு. வினாடிக்கு 2,700 அடி வேகத்தில் போகிற குண்டுக்கு அது பெரிய விஷயமில்லை. ஹேமில்டனிலிருந்து தெற்கே, டௌபோ ஏரியைத் தாண்டினால் கைமனாவா மலைக்காடு. 1905-ல் அங்கே விட்ட சீகா மான்களின் வம்சம் இன்றும் இருக்கிறது. அந்த நெருக்கமான காட்டில் பெரும்பாலும் 100 மீட்டருக்குள்தான் சுடக் கிடைக்கும். கொடிகளுக்கு நடுவே குனிந்து நுழையும்போது குழலில் நான்கு அங்குலம் குறைவு என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று போனால் தெரியும்.

ஆனால் இரண்டு விஷயங்களைக் கட்டாயம் சொல்ல வேண்டும். குட்டை ரைபிள் எடை குறைவு, அதனால் உதை அதிகம். குழல் குட்டை, அதனால் சத்தமும் அதிகம். இரண்டாவது பயணத்தில் நான் 308-ல் ஓர் இலேசான காம்பேக்டை எடுத்துப் போனேன். பயிற்சித் திடலில் இருபது தோட்டா சுடுவதற்குள் தோள் கன்றிவிட்டது. எனக்கே தெரியாமல் விசையை இழுக்கிற நொடியில் கண்ணை மூடப் பழகிவிட்டேன். மறுநாள் 60 மீட்டரில் ஒரு பெண்மான் பக்கவாட்டில் நின்றது. குண்டு நெஞ்சில் படாமல் வயிற்றில் பட்டது. பெரணி இலைகளில் சொட்டுச் சொட்டாக இருந்த இரத்தத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டரை மணி நேரம் பின்தொடர்ந்தோம். கண்டுபிடித்தபோது அது ஓடைக்கரையில் தலையைத் தூக்கிக்கொண்டு படுத்திருந்தது. அந்த இரண்டரை மணி நேர வேதனை நான் அதற்குக் கொடுத்தது. இன்றும் அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

அதனால் 243 வின்செஸ்டர் தோட்டா போடும் ரைபிளாக வாங்குங்கள். அதன் உதை 308-ல் ஏறக்குறைய பாதிதான். சீகாவுக்கும் ஃபாலோ மானுக்கும் அது தாராளம். பெரிய செம்மானையும் குறிவைப்பதாக இருந்தால் 7எம்எம்-08 என்ற தோட்டா நடுவாந்தரமானது. காதுக்குக் கவசம் போடாமல் ஒரு தோட்டாகூடச் சுட வேண்டாம். குழல் முனையில் சத்தம் குறைப்பான் மாட்டுவது அங்கே சட்டப்படி சரி, பலரும் மாட்டுகிறார்கள். உரிமம் கைக்கு வரும்வரை, உரிமம் உள்ளவர் உங்கள் பக்கத்திலேயே நின்று மேற்பார்வை பார்த்தால் சுட்டுப் பழகலாம். அந்த மாதங்களை வீணாக்காதீர்கள்.

*கேள்வி: தேசிய சேவையில் எஸ்ஏஆர் 21 என்ற சிங்கப்பூர் ராணுவ ரைபிளைச் சுட்டவன் நான். நீளம் 80 செண்டிமீட்டர்தான், தானாக அடுத்த தோட்டாவும் ஏறிவிடும். வேட்டைக்காரர்கள் ஏன் இன்னும் ஒவ்வொரு தடவையும் போல்டை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்?*
— வாசகர், ஈசூன்

தம்பி, சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல் படுகொலைக்குப் பிறகு, 2019-ல் நியூசிலாந்து இப்படித் தானாக அடுத்த தோட்டா ஏறும் பெரும்பாலான அரைத்தானியங்கித் துப்பாக்கிகளைத் தடை செய்துவிட்டது. ஆனால் தடை வராமல் இருந்திருந்தாலும் நான் போல்டைத்தான் எடுப்பேன்.

போல்டின் கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு துள்ளி விழும். முன்னால் தள்ளி மடக்கினால் அடுத்தது ஏறும். நான்கு அசைவுதான். திறந்த போல்டைப் பத்தடி தள்ளி நிற்கிற நண்பர்கூடப் பார்க்கலாம். ஓடையைக் கடக்கும்போது, வேலி ஏறும்போது, வண்டியில் ஏறும்போது நாங்கள் போல்டைத் திறந்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வோம். சுடத் தயாரான பிறகுதான் தோட்டாவை ஏற்ற வேண்டும் என்பது நியூசிலாந்தின் ஏழு பாதுகாப்பு விதிகளில் ஒன்று. அந்த விதியைக் கடைப்பிடிக்க இதைவிட எளிய கருவி இல்லை.

இன்னொரு விதி, குறியைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் அடையாளம் காண வேண்டும் என்பது. புதரில் ஏதோ அசைந்தது, பழுப்பாகத் தெரிந்தது என்று சுட்டுக் கூட வந்தவரையே கொன்றவர்கள் அந்த நாட்டில் உண்டு. முகாமில் நீங்கள் சுட்டது அட்டைக் குறியை. அது எங்கே நிற்கும் என்று உங்களுக்கு முன்பே தெரியும். காட்டில் அப்படி இல்லை. தலை, கழுத்து, தோள் மூன்றும் தெரியும்வரை என் விரல் விசைக்குப் போகாது.

*கேள்வி: எங்கள் தாத்தா மலாயாவின் அவசரகாலத்தில் (கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு சண்டை நடந்த காலம்) ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக இருந்தார். பழைய படத்தில் அவர் கையில் குட்டையாக ஒரு துப்பாக்கி, முனையில் புனல் போல ஏதோ இருக்கிறது. அது என்ன?*
— வாசகர், அங் மோ கியோ

அந்தப் புனலை வைத்தே சொல்லிவிடலாம். அது லீ என்ஃபீல்டு 5-ஆம் எண் ரைபிள். ‘ஜங்கிள் கார்பைன்’ என்பார்கள். இரண்டாம் உலகப் போரில் நம் பக்கத்துக் காடுகளை மனத்தில் வைத்து 1944-ல் பிரிட்டன் செய்யத் தொடங்கியது. 113 செண்டிமீட்டர் நீளமிருந்த 4-ஆம் எண் ரைபிளை ஒரு மீட்டருக்குக் குறுக்கி, எடையிலும் ஏறக்குறைய ஒரு கிலோவைக் குறைத்தார்கள். குழல் குட்டையானதும் முனையில் தீப்பிழம்பு பெரிதாக அடித்தது. அதை மறைக்கத்தான் புனல்.

நான் சொன்ன உதை விவகாரம் இதிலும் உண்டு. 303 தோட்டாவுக்கு அந்த எடை போதவில்லை. தோளுக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று கட்டையின் முனையில் ரப்பர் வைத்தார்கள். டௌபோவில் ஒருவர் வீட்டில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ரப்பர் இறுகிக் கல்லாகிப் போயிருந்தது, அகலமும் குறைவு. வைத்த குறி நிலைக்காமல் நகர்ந்துகொண்டே போகிறது என்ற புகாரும் அந்தக் காலத்திலேயே இருந்தது. உங்கள் தாத்தா விடியலில் தோட்டத்து லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, சுற்றி வந்தபோது தோளில் தொங்கியது அதுதான். அந்தப் படத்தின் பின்புறம் தோட்டத்தின் பெயர், வருடம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எனக்கு எழுதுங்கள், ஐயா. ஆவலாக இருக்கிறேன்.

*கேள்வி: சிங்கப்பூரில் அப்படி ஒரு ரைபிளை வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா? வேட்டைக்கு இங்கே இடம் உண்டா?*
— வாசகர், தெம்பனிஸ்

முடியாது, இல்லை. இங்கே சுட ஆசையிருந்தால் துப்பாக்கி சுடும் மன்றத்தில் சேர்ந்து விளையாட்டாகச் சுடலாம். வனவிலங்கை அனுமதியின்றிக் கொல்வது குற்றம். ஆயுதக் குற்றச் சட்டம் 1973 முதல் நடப்பில் இருக்கிறது. குற்றம் செய்யும்போது துப்பாக்கியால் சுட்டால் மரண தண்டனைதான்.

வேட்டைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் பையின் ஒவ்வொரு அறையையும் கவிழ்த்துக் கொட்டிப் பாருங்கள். ஒரே ஒரு தோட்டா தவறி உள்ளே கிடந்தாலும் சாங்கி விமான நிலையத்தில் பெரிய சிக்கல். நினைவுக்கு என்று வெற்றுக் கூட்டைக்கூட எடுத்துவராதீர்கள். என் முதல் மானைச் சுட்ட தோட்டாவின் கூடு கைமனாவாவில், வழிகாட்டியின் வீட்டுச் சமையலறை ஜன்னல் கட்டையில் இருக்கிறது. போகும்போதெல்லாம் எடுத்துத் துடைத்து அங்கேயே வைத்துவிட்டு வருகிறேன்.