குழலைக் குறைத்துவிட்டால் கைத்துப்பாக்கி ஆகிவிடுமா?

கேள்வி: டெக்சாஸில் இருக்கும் மச்சானைப் பார்க்கப் போயிருந்தேன். ரேஞ்சுக்கு (சுடுதளத்துக்கு) கூட்டிப்போய் ஏஆர்-15 பிஸ்டல் என்று ஒன்றைக் கையில் கொடுத்தார். சிங்கப்பூரில் என்எஸ்ஸில் (தேசிய சேவையில்) நான் தூக்கிய எஸ்ஏஆர் 21 ரைஃபிளைவிடக் குட்டை, ஆனாலும் அதைக் கைத்துப்பாக்கி என்று சொல்ல மனம் வரவில்லை. வீட்டுக்கும் காருக்கும் இதுதான் தோது என்கிறார் அவர். நிஜமாகவே உபயோகமானதா?
- ஈசூன் வாசகர்

பதில்: மனம் வராததில் தப்பே இல்லை தம்பி. பேருக்குத்தான் அது பிஸ்டல். உள்ளே இருப்பது எல்லாம் ரைஃபிள் சாமான், அதே தோட்டா, அதே மேகசின். குழலை 7, 10 அங்குலம் என்று குறைத்து, தோளில் முட்டுக்கொடுக்கும் பின்கட்டையை எடுத்துவிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இப்படி ஒன்று பிறந்ததற்குப் பெரிய காரணம் சட்டம். 1934ல் அமெரிக்காவில் தேசியத் துப்பாக்கிச் சட்டம் கொண்டுவந்தபோது முதல் வரைவில் கைத்துப்பாக்கிக்கும் கட்டுப்பாடு இருந்தது. நீளத் துப்பாக்கியை அறுத்து இடுப்பில் ஒளித்துக்கொண்டு யாரும் தப்பிவிடக் கூடாதே என்று குட்டை ரைஃபிளையும் சேர்த்தார்கள். அப்புறம் கைத்துப்பாக்கியை எடுத்துவிட்டார்கள், குட்டை ரைஃபிள் மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. இன்றைக்கும் பின்கட்டை வைத்த ரைஃபிளின் குழல் 16 அங்குலத்துக்குக் கீழே போனால் கூட்டரசிடம் பதிவு செய்தாக வேண்டும். 200 டாலர் வரியும் இருந்தது, 2026 ஜனவரியில்தான் அது பூஜ்ஜியமானது. பின்கட்டை இல்லாமல் விற்றால் சட்டப்படி பிஸ்டல், இந்தப் பதிவுத் தொல்லை கிடையாது. முழங்கையோடு பட்டை போட்டுக் கட்டிக்கொள்ளும் ‘பிரேஸ்’ 2012ல் வந்தது. ஒற்றைக் கையால் சுட வேண்டியிருந்த ஊனமுற்ற முன்னாள் வீரர்களை மனதில் வைத்துச் செய்த நல்ல பொருள் அது, ஆனால் ஜனங்கள் அதையே தோளில் வைத்துச் சுட ஆரம்பித்துவிட்டார்கள். 2023ல் அதற்கு எதிராக அரசு போட்ட விதியை அடுத்த ஆண்டே டெக்சாஸில் ஒரு கூட்டரசு நீதிமன்றம் தள்ளிவிட்டது.

சரி, உபயோகத்துக்கு வருவோம். 5.56 மில்லிமீட்டர் தோட்டா 20 அங்குலக் குழலை நினைத்துச் செய்தது. நான் என்எஸ்ஸில் தூக்கிய எம்16எஸ்1 ரைஃபிளில் குண்டு விநாடிக்கு ஏறக்குறைய 990 மீட்டர் வேகத்தில் கிளம்பும். குழலை ஏழரை அங்குலமாக்கினால் அதில் கிட்டத்தட்ட கால்வாசி போய்விடும், ஏனென்றால் வெடிமருந்து எரிந்து முடிவதற்குள் குண்டு வெளியே வந்துவிடுகிறது. மிச்ச மருந்து எங்கே எரியும்? குழல் வாயில், உங்கள் முகத்துக்கு முன்னால். அமெரிக்காவில் ஓர் உள்ளரங்க ரேஞ்சில் அப்படி ஒன்றை நானும் சுட்டிருக்கிறேன். முதல் குண்டுக்கே பந்து அளவுக்கு ஆரஞ்சு நெருப்பு, மேசைமேல் கிடந்த காலித் தோட்டாக்கள் கலகலவென்று குதித்தன, பக்கத்துத் தடத்தில் நின்றவர் சுடுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். இரண்டு காதிலும் அடைப்பான் போட்டிருந்தும் நெஞ்சில் அடித்த மாதிரி இருந்தது. நடுராத்திரியில், இருட்டறையில், காதில் எதுவுமில்லாமல் ஒருவர் இதைச் சுட்டால் அடுத்த நிமிடம் எதையும் சரியாகப் பார்க்கவோ கேட்கவோ முடியாது. இதை வீட்டுக்குத் தோது என்று நான் சொல்லமாட்டேன்.

கனத்தையும் பாருங்கள். குண்டு நிரப்பிய கிளாக் 17 கைத்துப்பாக்கி ஏறத்தாழ 900 கிராம், இது இரண்டரைக் கிலோவுக்குப் பக்கம். பிரேஸ் இல்லாமல் கையை நீட்டிச் சுட்டால் நாலாவது குண்டுக்குள் குறி ஆடத் தொடங்கிவிடும். ஏஆர் வகையில் இன்னொரு சங்கடமும் உண்டு, பின்னுதைப்பை வாங்கும் சுருள்வில் பின்பக்கக் குழாய்க்குள் இருப்பதால் பின்கட்டையை எடுத்தாலும் அந்தக் குழாய் வால் மாதிரி நீட்டிக்கொண்டே நிற்கும்.

குட்டையாக வேண்டுமென்றால் குழலை வெட்டுவதுதான் வழி என்றில்லை. உங்கள் எஸ்ஏஆர் 21 மொத்தமே 805 மில்லிமீட்டர், ஆனால் குழல் முழுசாக 508, அதாவது 20 அங்குலம். இயக்கத்தை ட்ரிகருக்குப் பின்னால், கன்னத்துக்குக் கீழே கொண்டுபோய்விட்டார்கள். என்எஸ் முடிந்தபின் ரிசர்விஸ்ட் பயிற்சியில் முதன்முதலாக அதைக் கையில் வாங்கி த்ரீ டன்னர் லாரியில் ஏறி உட்கார்ந்தபோது முழங்காலில் இடிக்காததே எனக்குப் பெரிய ஆச்சரியம். நம் ஊரில் செய்தது என்பதற்காகச் சொல்லவில்லை, அந்த யோசனை அவ்வளவு பிடித்திருக்கிறது.

பிஸ்டல் வடிவம் அடியோடு வீண் என்றும் சொல்லமாட்டேன். தோட்டாவை மாற்றினால் கதையே வேறு. 300 பிளாக்அவுட் தோட்டாவின் மருந்து 9 அங்குலத்துக்குள்ளேயே பெரும்பாலும் எரிந்துவிடும், 9 மில்லிமீட்டர் தோட்டா பிறந்ததே குட்டைக் குழலுக்காக. மச்சானுடையது இவற்றில் ஒன்றென்றால் காரில் வைத்துக்கொள்ளத் தோது என்று அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 5.56 என்றால் இல்லை.

கேள்வி: அதே மாதிரி பொம்மைத் துப்பாக்கி அங்கே கடையில் பார்த்தேன். அடுத்த முறை வாங்கி வரலாமா?
- அதே வாசகர்

பதில்: வேண்டாம். பொம்மைத் துப்பாக்கியும் சிங்கப்பூரில் கட்டுப்படுத்தப்பட்ட பொருள், போலிஸ் அனுமதி இல்லாமல் கொண்டுவர முடியாது. நிஜத் தோட்டா ஒன்றே ஒன்று அனுமதியில்லாமல் உங்களிடம் இருந்தாலும் ஆயுதக் குற்றச் சட்டப்படி 5 முதல் 10 ஆண்டு சிறை, 6க்குக் குறையாத பிரம்படி. ரேஞ்சுக்குக் கொண்டுபோன பையையே விமானத்துக்கும் எடுத்துவராதீர்கள். வேறு வழியில்லை என்றால் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து தலைகீழாக ஒரு முறை உதறிவிடுங்கள். அங்கே கால்சட்டைப் பாக்கெட்டில் போட்டதை மறந்திருப்பீர்கள், அதையும் பாருங்கள்.