பன்னிரண்டு போர் எங்கே நடந்தது?

கேள்வி: '12 போர்' துப்பாக்கி என்கிறார்களே, பன்னிரண்டு போர்களில் பயன்பட்டதால் வந்த பெயரா? வீட்டுப் பாதுகாப்புக்கு அப்படி ஒன்று வாங்க லைசென்ஸ் தருவார்களா? (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்: பெயரை மறைத்துக்கொண்டு துப்பாக்கி கேட்கிற அன்பரே, லைசென்ஸ் அப்புறம். போரை முதலில் முடித்துவிடுவோம்.

மூவேந்தர்கள் வருஷம் தவறாமல் செய்துகொண்டது ஒரு போர். களத்துமேட்டில் குவித்து வைத்திருப்பது வைக்கோல் போர். யானை கட்டி அடித்ததாகப் பெருமை பேசுகிறோமே, அது நெற்போர். ஆயிரம் அடி இறங்கியும் புகைதான் வருகிறது என்றால் அது கொல்லையில் போட்ட போர். இந்தப் பதிலைப் பாதி படித்ததும் நீங்கள் சொல்லப்போவது ஐந்தாவது போர். துப்பாக்கியின் போர், கொல்லைப் போருக்குத்தான் ஒன்றுவிட்ட தம்பி. இரண்டும் துளை. 'குழல்விட்டம் என்று எழுதக்கூடாதா?' என்று மாதம் ஒரு கார்டு போடும் தனித்தமிழ் அன்பருக்கும் இங்கேயே பதில்: 'துப்பாக்கி'யே துருக்கியிலிருந்து வந்த சொல். அதை நடுவீட்டில் உட்கார வைத்துவிட்டுப் போரோடு மட்டும் என்ன போர்?

இனி அந்தப் பன்னிரண்டு. ஒரு பவுண்டு ஈயத்தைச் சரிசமமாகப் பன்னிரண்டு உருண்டையாக உருட்டுங்கள். ஒன்று ஏறக்குறைய 38 கிராம் இருக்கும். அந்த உருண்டை எந்தக் குழலில் சரியாகப் பொருந்துகிறதோ அது 12 போர், விட்டம் 18.5 மில்லிமீட்டர். இருபதாகப் பங்கு போட்டால் உருண்டை சிறுத்துவிடும், ஆகவே 20 போர் அதைவிடக் குறுகலான குழல். எண் கூடினால் துப்பாக்கி பெரியது என்று நினைத்துக் கடையில் போய் நிற்காதீர்கள். .410 போலப் புள்ளி வைத்து எழுதுபவை இந்தக் கணக்கில் சேராது; அவை நேரடியாக அங்குல அளவு.

பழைய பிரிட்டிஷ் பட்டாளத்து பிரௌன் பெஸ் துப்பாக்கியின் குழல் .75 அங்குலம், உள்ளே போட்ட குண்டோ .69 அங்குலம்தான். தச்சன் பிசகு அல்ல. கருமருந்து எரிந்தால் கரி படியும். நாலைந்து சுட்டதும் குழல் அடைத்துக்கொள்ளும். இறுக்கமான குண்டு என்றால் சண்டை நடுவில், குண்டைக் குழல்வாய் வழியே இறக்கும் இடிகோலோடு மல்லுக்கட்ட வேண்டும். அதனால் குண்டைத் தொளதொள என்று வைத்தார்கள். அது குழலுக்குள் இப்படியும் அப்படியும் முட்டிக்கொண்டு போய், கடைசியாக எந்தப் பக்கம் முட்டியதோ அதற்கு எதிர்ப்பக்கம் விலகும். நூறு கஜத்துக்கு அப்பால் தனி ஆளைக் குறிபார்ப்பது வீண். வரிசையாக நிறுத்தி ஒரே நேரத்தில் சுடவைத்தது அதனால்தான்.

அடுத்து வந்த 1853 என்ஃபீல்டு துப்பாக்கி இந்த வில்லங்கத்தைத் தீர்த்தது. குழல் .577, உள்ளே திருகுபோல் வெட்டிய மூன்று சுழல்வரிகள். குண்டு குழலைவிடக் கொஞ்சம் சின்னது, அடிப்புறம் குடைந்தது. சுட்டதும் அடி விரிந்து வரிகளைக் கவ்விக்கொள்ளும். தோட்டாவின் காகிதத்தைப் பல்லால் கிழித்து, மருந்தைக் கொட்டி, காகிதம் சுற்றிய குண்டைத் தலைகீழாகத் திருப்பிக் குழல்வாயில் வைத்து, கோலால் இறக்கி, மருந்தைப் பற்றவைக்கும் கேப் மாட்ட வேண்டும். 1857-இல் பசுக்கொழுப்பா, பன்றிக்கொழுப்பா என்று வெடித்த கதையைப் பள்ளிப் புத்தகம் சொல்லும். கொழுப்பு எதற்கு என்று சொல்லாது. அந்தக் காகிதம் சிக்காமல் வழுக்கி இறங்கவும், படிந்த கரி இளகவும்தான்.

அதற்குப் பிறகு சர்க்காருக்குத் துப்பாக்கியைவிடத் தோட்டாமேல்தான் பயம். 1878-இல் வைஸ்ராய் லிட்டன் பிரபு ஆயுதச் சட்டம் போட்டார். இந்தியனுக்கு லைசென்ஸ் கட்டாயம், வெள்ளைக்காரனுக்கு விலக்கு. 1907 வாக்கில் .450 போருக்கே தடை வந்தது. களவுபோன மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கிகளுக்கு அந்தக் குண்டு பொருந்திவிடும் என்பது காரணம். புலிவேட்டைத் துரைமார்களுக்காக இங்கிலாந்துக் கம்பெனிகள் .465, .470, .475 என்று புதுப்புது அளவு கண்டுபிடித்தன. அந்த வாசனை இன்னும் போகவில்லை: .303 பட்டாளத்து ரகம், .315 குடிமகனுக்கு. ஆக, போரில் இருக்கும் போர் உங்களுக்குக் கிடையாது. (1930-இல் வைஸ்ராய் இர்வினிடம் காந்தி வைத்த பதினொரு கோரிக்கைகளில் தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸும் ஒன்று. அகிம்சை பற்றி எனக்குப் பாடம் எடுக்கும் வாசகர்கள் கவனிக்க.)

இப்போது உங்கள் லைசென்ஸ். 1959 ஆயுதச் சட்டம், 13ஆம் பிரிவு. சுழல்வரி இல்லாத குழல், நீளம் 20 அங்குலத்துக்குக் குறையாதது, பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ என்றால் மற்ற ரகங்களுக்குக் கேட்கிற அளவு காரணம் கேட்காது. உங்கள் 12 போர் இதில் அடங்கும். பயிர்க்காவலுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியையும் அதே பிரிவு இன்னும் நினைவில் வைத்திருக்கிறது. வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். போலீஸ் விசாரணை, உடல்நலச் சான்று, பயிற்சிச் சான்று உண்டு. சொத்து போதாது என்பதை மட்டும் காரணம் காட்டி மறுக்கக்கூடாது என்று 14ஆம் பிரிவு சொல்கிறது. பொதுப் பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுக்கலாம், அதற்கு ஆபீசர் மெனக்கெட வேண்டியதில்லை. 2019 திருத்தத்துக்குப் பின் ஓர் ஆளுக்கு இரண்டு துப்பாக்கிதான், முன்பு மூன்று. லைசென்ஸ் காலம் மூன்று வருஷத்திலிருந்து ஐந்தாகியிருக்கிறது.

கிடைத்துவிட்டால் ஒன்று செய்யுங்கள். பழைய துப்பாக்கி என்றால் குழலடியில், தோட்டா உட்காரும் அறையின் நீளம் 65 என்றிருக்கிறதா, 70 என்றிருக்கிறதா பாருங்கள். தோட்டாமேல் போட்டிருக்கும் 70 மி.மீ. என்பது சுட்டபின் வாய் விரிந்த நீளம். சுடாத தோட்டா மடிப்போடு குட்டையாக இருப்பதால் 65 அறையிலும் சமர்த்தாக உட்காரும். சுட்டதும் மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் குறுகலை அடைத்து, அழுத்தம் எகிறும். 20 போர் தோட்டா கைதவறி 12 போருக்குள் விழுந்தால் இன்னும் மோசம்: அறையைத் தாண்டி முன்னால் போய்ச் சிக்கும், குழல் காலி என்று நினைத்துப் பின்னால் 12 போட்டுச் சுட்டால் குழல் பிளக்கும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்தது அழகுக்காக அல்ல.

'நெஞ்சில் தோட்டா பாய்ந்தது' என்று எழுதும் நிருபர்களே, பாய்வது குண்டு. தோட்டா என்பது கூடு, மருந்து, கேப், குண்டு எல்லாம் சேர்ந்த முழுப் பொட்டலம். அது நெஞ்சில் பாய வேண்டுமானால் யாராவது கையால்தான் எறிய வேண்டும்.