கேள்வி-பதில்: சைலன்சர் நாமே செய்யலாமா, பட்டறையில் கொடுக்கலாமா?

மன்னார்குடியிலிருந்து: தாத்தா ஓட்டிய டாடா-பென்ஸ் லாரி இருபது வருடமாகக் கொட்டகையில் நின்றது. இன்ஜினை எழுப்பிவிட்டோம். சைலன்சர் முழுக்க உளுத்துப்போய்விட்டது. பட்டறையில் 22,000 கேட்கிறார்கள். என்னிடம் வெல்டிங் மெஷின் இருக்கிறது, போர் போட்டதில் மிஞ்சிய ஜி.ஐ. பைப்பும் கிடக்கிறது. நானே செய்துவிடலாமா?

பாதி வேலையை நீங்கள் செய்யுங்கள், பாதியைப் பட்டறைக்குக் கொடுங்கள்.

முதலில் அந்த ஜி.ஐ. பைப்பைத் தொடாதீர்கள். துத்தநாகம் பூசிய குழாயில் வெல்டிங் வைத்தால் வெள்ளைப் புகை கிளம்பும். அதை இழுத்தால் அன்று ராத்திரியே குளிர் காய்ச்சல் வரும். துத்தநாகம் பூசாத கறுப்புப் பைப் வாங்குங்கள்.

டாடாவின் டெல்கோ கம்பெனியும் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்சும் 1954 முதல் 1969 வரை கூட்டாகச் செய்த வரிசை வண்டி அது. பழைய குழாயின் விட்டத்தை வெர்னியரில் அளந்துகொண்டு, அதற்குக் குறையாத குழாயாகப் பாருங்கள். கடையில் இருந்தது இதுதான் என்று சின்னதை மாட்டினால் புகை வெளியேற முடியாமல் முட்டும். இன்ஜின் சூடாகும், டீசலும் கூடக் குடிக்கும்.

கழற்றுவது, அளப்பது, அறுப்பது, வண்டியிலேயே தொங்கவிட்டு அங்கங்கே பொட்டு வெல்டிங் வைப்பது எல்லாம் உங்கள் வேலை. கூலியில் பெரும்பகுதி இதற்குத்தான் போகிறது. குழாய் இன்ஜினோடு சேரும் மேனிஃபோல்டு நட்டுகளுக்கு முதல் நாள் ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். அவசரப்பட்டு, நட்டு ஏறியிருக்கும் ஸ்டட்டை முறித்தால் மிச்சம் பிடித்த காசு லேத்துக்குப் போய்விடும். அந்தக் காலத்துக் கேஸ்கெட்டும் குழாயில் சுற்றிய கயிறும் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். காற்றடித்து ஊதாமல், நனைத்து எடுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள்.

வளைவையும் கடைசி வெல்டிங்கையும் பட்டறைக்குக் கொடுங்கள். எங்கள் பெரியப்பா பட்டறையில் குழாய் வளைப்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். கொள்ளிடத்து மணலை இரும்புச் சட்டியில் வறுத்து, குழாயில் கொட்டி, மரச் சுத்தியலால் தட்டிக்கொண்டே இருப்பார். கணீர் என்ற சத்தம் 'தொத்' என்று மாறினால் மணல் இறுகிவிட்டது என்று கணக்கு. பிறகு இரண்டு முனையிலும் மரக்கட்டை அடித்து, உலையில் சிவக்கக் காய்ச்சி வளைப்பார். மணலில் ஈரம் இருந்தால் அது ஆவியாகிக் கட்டையைப் பிடுங்கி எறியும். பக்கத்தில் நிற்க எங்களை விடமாட்டார். மூன்று அங்குல மெல்லிய குழாயைப் பழக்கமில்லாத கை இப்படி வளைத்தால் உள்பக்கம் சுருக்கம் விழும். துவாக்குடி, திருவெறும்பூர்ப் பக்கம் திருச்சி பெல் தொழிற்சாலைக்கு வேலை எடுக்கும் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. அட்டையில் வளைவை வெட்டி எடுத்துக்கொண்டு போய் மெஷினில் வளைத்து வாங்குங்கள்.

வால்பக்கம் எங்கே முடிகிறது என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி புகை கீழ்நோக்கியோ இடப்பக்கமோ போகக்கூடாது, பின்னாலோ வலப்பக்கமோ போகட்டும். நம் ஊர்ச் சாலையில் பஸ்ஸுக்கு நிற்கும் ஜனம் இடப்பக்கம்தானே நிற்கிறது. டீசல் குழாய்க்கும் புகைக் குழாய்க்கும் நடுவே 35 மில்லிமீட்டராவது இடைவெளி இருக்கட்டும்.

கும்பகோணத்திலிருந்து: சைலன்சருக்குள் இருக்கும் தடுப்புகளை எடுத்துவிட்டால் கம்பீரமாகச் சத்தம் வருமாமே?

வரும். கூடவே மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2)ஆம் பிரிவில் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ வரலாம். எடுக்காதீர்கள்.

பாபநாசத்திலிருந்து: ஒரே லாரி, நானே ஓட்டிப் பிழைக்கிறேன். 16 கேஜ் பைப்பில் செய்வதாகச் சொல்லி 14,000 வாங்கினார்கள். ஏழே மாதத்தில் வெல்டிங் ஓரமெல்லாம் ஓட்டை. போய்க் கேட்டால், "உங்களிடம் பில் இருக்கிறதா?" என்கிறார்கள். கொடுத்தது 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த ஒரு சீட்டுதான்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் ஆறவில்லை. பில் கொடுக்காதவனே வாங்கியவனிடம் பில் கேட்கிறான். இந்த எஸ்டிமேட் சீட்டைப் பற்றிப் பல வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன், இன்னும் எழுதுவேன். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளுக்கோ வேலைக்கோ பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம் என்று எழுதியிருக்கிறது. குற்றம் அவர்கள் பக்கம். அந்தச் சீட்டையும், ஜிபேயில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவையும், ஓட்டைகளின் படத்தையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் போட்டுப் புகாரைப் பதியுங்கள். அசையவில்லை என்றால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். "லாரி வியாபாரத்துக்கானது, நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று எதிர்த்தரப்பு சொல்லும். சொந்த உழைப்பில் பிழைக்க வைத்திருப்பவரைச் சட்டம் நுகர்வோராகத்தான் பார்க்கிறது. அந்த ஒரு வரியைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள்.

இனி கேஜ் சங்கதி. 16 கேஜ் என்றால் சுமார் 1.6 மில்லிமீட்டர் கனம், 18 கேஜ் என்றால் 1.2. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், தராசு காட்டிக்கொடுத்துவிடும். வெளி விட்டத்திலிருந்து கனத்தைக் கழித்து, கனத்தால் பெருக்கி, 0.02466 ஆல் பெருக்கினால் ஒரு மீட்டர் இரும்புக் குழாயின் எடை கிலோவில் வரும். மூன்று அங்குலம், அதாவது 76.2 மில்லிமீட்டர் குழாய், 1.6 கனத்தில் மீட்டருக்கு 2.94 கிலோ. 1.2 கனத்தில் 2.22 கிலோதான். ஆறு மீட்டர் நீளத்தில் நாலு கிலோவுக்கு மேல் அடித்துவிடுகிறார்கள். எனக்கும் இது நடந்தது. என் மேக்ஸி வேனுக்கு 16 என்று கேட்டு வாங்கி வந்த குழாயில் வெல்டிங் ராடு தொட்டதுமே பொத்துக்கொண்டு போனது. ஏன் என்று புரியாமல் அன்று முழுக்க மெஷினைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். மறுநாள் வெர்னியர் வைத்தால் 1.2. கடையில், "அறுத்த குழாயைத் திரும்ப எடுக்கமாட்டோம்" என்றார்கள். அன்றிலிருந்து கடை வாசலிலேயே எடை போடாமல் ஒரு அடி குழாய்கூட வாங்குவதில்லை. நீங்களும் பைப் கனம், நீளம், கூலி மூன்றையும் தனித்தனியாக எழுதிக் கையெழுத்து வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து: பழைய இரும்புக் கடையில் வெள்ளிப் பெயின்ட் அடித்த சைலன்சரை 3,500க்கு எடுத்தேன். மாட்டிய மூன்றாம் நாள் அடிப்பக்கம் பிய்ந்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்கள்.

தட்டிப் பார்த்தீர்களா? தூக்கிக் குலுக்கினீர்களா? உள்ளே துருச் செதில் கலகலத்திருக்கும். பழைய இரும்புக் கடையில் புதுப் பெயின்டைக் கண்டால் சுரண்டிப் பார்க்கவேண்டாமா? தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோம், 3,500 ரூபாய்க்குத் தட்டவில்லை என்றால் என்னத்தைச் சொல்ல.

வேதாரண்யத்திலிருந்து: 304 எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) பைப் என்றார்கள். காந்தம் ஒட்டவில்லை, நம்பி இரண்டு மடங்கு விலை கொடுத்தேன். ஒரு வருடத்தில் புள்ளி புள்ளியாகத் துரு.

நீங்கள் சோதித்துத்தான் வாங்கியிருக்கிறீர்கள், உங்கள் மேல் பிழையில்லை. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்க்கும் 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, உப்புக் காற்றுக்கு அது சீக்கிரம் தோற்கும். அதே சமயம், கம்பெனி சைலன்சர்களில் போடும் 409 நல்ல ரகம்தான், அதில் காந்தம் ஒட்டும். அதனால் காந்தத்தை வைத்து ரகத்தை முடிவு செய்ய முடியாது. என் வீட்டுக் கேட்டுக் கைப்பிடியில் நானும் இப்படித்தான் ஏமாந்தேன். பில்லில் '304' என்று எழுதியிருந்தால் குழாயில் ஒரு துண்டு வெட்டி ஆய்வுக்கூடத்தில் கொடுத்து, அந்த அறிக்கையோடு நாகப்பட்டினம் ஆணையத்துக்குப் போங்கள். வெறும் 'எஸ்.எஸ்.' என்றிருந்தால் வழக்கு கடினம், ஆனாலும் 1915ல் புகாரைப் பதியுங்கள்.

திருவையாற்றிலிருந்து: வண்டியை மாதம் இரண்டு தடவைதான், அதுவும் கடைத்தெரு வரை எடுக்கிறேன். ஓடாத வண்டிக்கு ஏன் சைலன்சர் அரிக்கிறது?

ஓடாததால்தான். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகக் குழாய்க்குள் போகிறது. நெடுந்தூரம் ஓடினால் குழாய் சுட்டு அது வெளியேறிவிடும். கடைத்தெருவோடு திரும்பினால் சைலன்சரின் அடியில் தங்கி உள்ளிருந்தே தின்னும். மாதம் ஒரு தடவையாவது தஞ்சாவூர் வரை ஓட்டிவிட்டு வாருங்கள். சைலன்சர் அடியில் எது தாழ்ந்த இடமோ அங்கே மூன்று மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள். ஓட்டிவிட்டு நிறுத்தியதும் குனிந்து பாருங்கள், சொட்டும்.