இரண்டு நிமிட ஃபோன்

ஐயா,
நவம்பர் 20, உலகக் குழந்தைகள் தினத்தன்று பள்ளியில் குழந்தைகள் உரிமை பற்றிப் பேசப்போகிறேன். அமெரிக்காவே ஏற்காத ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையால் என்ன பயன்? நம் கொங்குப் பக்கம் இந்தப் பிரச்சினை முடிந்துவிட்டது. பனியன் கம்பெனிக்குப் போன பிள்ளைகள் இன்று நல்ல விடுதிப் பள்ளிகளில் படிக்கிறார்கள். வெளிநாட்டு நிலைமையைப் பேசினால் போதும்தானே?
ஓர் ஆசிரியர், கோபி

அன்புள்ள தம்பி,
அமெரிக்கா 1995இல் கையெழுத்துப் போட்டதோடு சரி. அதை விடுங்கள். 1992இல் நாம் ஏற்றுக்கொண்டோமே, அதைப் பேசுவோம்.

முடிந்துவிட்டது என்று எழுத எப்படி மனம் வந்தது? நானும் பள்ளி லீவில் திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கைமடிக்கும் வேலைக்குப் போனவன்தான். பிள்ளைகள் அங்கிருந்து வெளியே வந்தது பெரிய காரியம். எங்கே கொண்டுபோய் விட்டோம் என்பதுதான் என் கேள்வி.

என் அக்கா மகனை நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் ப்ளஸ் ஒன் சேர்த்தவன் நான். காலை ஐந்து மணிக்கு எழுப்பினால் இரவு பத்தரை வரை படிப்பு. விளையாட்டு பீரியடிலும் டெஸ்ட். ஞாயிற்றுக்கிழமை இரண்டு நிமிடம் ஃபோன். "மாமா, என்னையக் கூட்டிட்டுப் போயிருங்க" என்றான். "ரெண்டு வருசம் பல்லக் கடிச்சுக்க சாமி" என்றேன். நாலாவது வாரம் அவன் கேட்கவில்லை. பழகிவிட்டான் என்று அக்காவிடம் சந்தோஷமாகச் சொன்னேன். நல்ல மார்க், நல்ல வேலை. நோம்பி, பண்டிகைக்கு வந்தால் எல்லோரிடமும் சிரித்துப் பேசுவான். அந்த இரண்டு வருடம் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வராது. நானும் கேட்டதில்லை.

உடன்படிக்கையில் 54 பிரிவுகள். 31ஆவது, ஓய்வும் விளையாட்டும் உரிமை என்கிறது. 12ஆவது, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் பிள்ளை வாய்திறந்து சொல்லலாம், வயதுக்கும் பக்குவத்துக்கும் தக்கபடி அதைப் பெரியவர்கள் மதிக்க வேண்டும் என்கிறது. அவன் சொன்னான். நான் மதிக்கவில்லை. பசி, போர் என்று தூரத்தைக் காட்டிப் பேசுவது நமக்குச் சுலபம். இது நம் வீட்டுத் திண்ணையில் நடப்பது.

1978இல் இந்த உடன்படிக்கையை முன்மொழிந்தது போலந்து. அந்த நாட்டு மருத்துவர் யானுஷ் கோர்சாக், வார்சாவில் தன் அநாதை இல்லத்தில் பிள்ளைகளுக்கென்று ஒரு நீதிமன்றம் வைத்திருந்தார். நீதிபதிகள் பிள்ளைகளே. பெரியவர்கள்மேலும் வழக்குப் போடலாம். அவரே அதில் நின்றிருக்கிறார். 1942இல் நாஜிகள் அந்தப் பிள்ளைகளை டிரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ரயிலேற்றியபோது விட்டுப் பிரியாமல் கூடவே போனார்.

20ஆம் தேதி நீங்கள் பத்து நிமிடம் பேசினால் போதும், தம்பி. மீதி நேரம் பிள்ளைகளோடு தரையில் உட்காருங்கள். ஹெட்மாஸ்டர் பக்கத்தில் இருக்க வேண்டாம். அவர்கள் சொன்னதை எனக்கு எழுதுங்கள். இந்த வருடம் நோம்பிக்கு அவன் வரும்போது நானும் கேட்கிறேன்.