குழந்தைகளுக்கு நீதிமன்றத்தைப் பற்றி எப்படிச் சொல்லித்தருவது? கேள்வி பதில்

நான் வழக்கறிஞர். தொடக்கப் பள்ளிகளில் மாதிரி நீதிமன்றம் நடத்தி வருகிறேன். ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்ட சில கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன் மேடம். ஏழு வயதுக் குழந்தைகளிடம் இதை எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: வகுப்புச் சண்டையிலிருந்து. "மிஸ், இவன்தான் என் பென்சிலை எடுத்தான்" என்று யாராவது வந்து நிற்பார்கள். "எடுத்ததை நீ பார்த்தாயா, யாராவது சொன்னார்களா, இல்லை நீயாக நினைக்கிறாயா?" என்று கேளுங்கள். சாட்சியத்தை எடைபோடுவது இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. அப்புறம் அந்தப் பையனையும் பேச விடுங்கள். சட்டப் பிரிவுகள், நீதிமன்றப் படிநிலை எல்லாம் பெரிய வகுப்புக்குப் போகட்டும்.

கேள்வி: மாதிரி வழக்குக்கு எந்தக் கதை சரியாக வரும்?

பதில்: பாட்டி வடை சுட்ட கதை. நான் திரும்பத் திரும்ப அதையே எடுப்பதற்குக் காரணம் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் நரி. வடை என்னுடையது என்கிறார் பாட்டி. ஆனால் நரியை அவர் பார்க்கவே இல்லை. பார்த்தது காகம் மட்டும். அந்தக் காகமே வடையைத் திருடியதுதான்! அதன் சாட்சியை நம்பலாமா? நரி வடையைப் பறித்ததா, கீழே விழுந்ததை எடுத்ததா?

நரி தரப்பு வக்கீலாக நின்ற ஒரு சிறுமி, "பாடச் சொன்னது நரி. வாயைத் திறந்தது யாரு?" என்று குறுக்கு விசாரணை செய்தாள். காகமாக வந்த பையன் யோசித்துவிட்டு, "நான்தான். ஆனா அது ஏமாத்திடுச்சு" என்றான். ஏமாற்றுவதும் திருட்டும் ஒன்றா என்ற கேள்வி அங்கே தானாகவே எழுந்துவிட்டது. நிஜ வழக்குகளிலும் இதைத்தான் மணிக்கணக்கில் வாதாடுகிறோம்.

தீர்ப்பு சொல்லும் இடத்தில் கவனம் வேண்டும். கை தூக்கச் சொன்னால் நண்பன் பக்கம்தான் கை போகும். "எந்தச் சாட்சி சொன்ன எந்தப் பேச்சை வைத்து முடிவு செய்தாய்?" என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். காரணம் சொல்லாத தீர்ப்பை ஏற்காதீர்கள். நரிக்கு விடுதலை கிடைத்தால், குற்றத்தை நிரூபிக்க முடியவில்லை என்றுதான் அர்த்தம். நரி உத்தமன் என்று நீதிபதி சான்றிதழ் தருவதில்லை. பெரியவர்களே இதில் குழம்புவதால், குழந்தைகளிடம் நிதானமாகப் பேசுங்கள்.

கேள்வி: எல்லோருமே நீதிபதியாக வேண்டும் என்று அடம் பிடிக்கிறார்களே?

பதில்: மற்றவர்களை ஜூரியாக உட்கார வையுங்கள். கடுமையான குற்ற வழக்குகளில் இங்கிலாந்தில் 12 பேர், ஸ்காட்லாந்தில் 15 பேர் என்று சாதாரணக் குடிமக்களே அமர்ந்து முடிவு சொல்கிறார்கள். கூச்சப்படும் குழந்தைக்கு வாக்குமூலம் எழுதும் வேலை கொடுங்கள். மேசையில் சுத்தியல் மட்டும் வேண்டாம். சினிமாவில் தட்டுவார்கள், இங்கிலாந்து நீதிமன்றங்களில் அப்படி ஒரு வழக்கம் இல்லை.

கேள்வி: "திருடனுக்கு எதுக்கும்மா வக்கீல்?" என்று என் மகன் கேட்கிறான்.

பதில்: "அவர் திருடன்னு யாரு முடிவு பண்ணினது?" என்று திருப்பிக் கேளுங்கள். குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவர் நிரபராதி என்பது 1948-இல் வந்த உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 11-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. செய்யாத தப்புக்கு அவனும் எப்போதாவது திட்டு வாங்கியிருப்பான். அன்று அவன் பக்கம் பேச ஒருவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள். தப்பு செய்தவருக்கும் வக்கீல் வேண்டும். செய்த தப்புக்கு மேல் தண்டனை போய்விடக் கூடாதே.

கேள்வி: ஒரு வழக்கில் எங்கள் எட்டு வயது மகள் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. எப்படித் தயார் செய்வது?

பதில்: என்ன சொல்ல வேண்டும் என்று தயவுசெய்து சொல்லிக்கொடுக்காதீர்கள். மனப்பாடம் செய்த பதில் குறுக்கு விசாரணையில் உடைந்துவிடும். அப்புறம் அவள் சொல்லும் உண்மையையும் சந்தேகிப்பார்கள். முடிந்தால் முன்னதாகவே நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போய் இடத்தைக் காட்டுங்கள். பல நாடுகளில் குழந்தைகள் திரைக்குப் பின்னாலிருந்தோ வீடியோ வழியாகவோ பேச அனுமதி உண்டு. உங்கள் வழக்கறிஞரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

பெரியவர்கள் கேட்டால் ஏதாவது பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று குழந்தைகள் நினைப்பார்கள். "தெரியாது", "ஞாபகம் இல்லை", "கேள்வி புரியவில்லை" என்று சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியட்டும். வழக்கைத் தொடாமல், "போன மாதம் உன் வகுப்பில் யார் யார் லீவு போட்டார்கள்?" என்பது போல எதையாவது கேட்டு, இந்தப் பதில்களைச் சொல்லிப் பழக விடுங்கள்.