கம்பி டெஸ்ட் ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது? கேள்விகளும் பதில்களும்

கட்டுமானப் பொருள் சோதனைக்கூடத்தில் கம்பி இழுத்து அறுப்பதுதான் என் அன்றாட வேலை. கான்கிரீட்டுக்குள் போகும் கம்பியைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், எஃப்இ 500 என்று கேட்டு வாங்கினோம். ரிப்போர்ட்டில் யீல்டு 610, அல்டிமேட் 665, நீட்சி 13 சதவீதம் என்று வந்திருக்கிறது. கேட்டதைவிட அதிகமாகவே வலு இருக்கிறது, நல்ல கம்பிதானே?

எந்தக் கட்டடத்துக்கு என்பதைப் பொறுத்தது. முதலில் இந்த மூன்று எண்களும் என்ன என்று பார்த்துவிடலாம். கம்பியை இழுத்துக்கொண்டே போனால் ஒரு கட்டம் வரை விட்டதும் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும், அதைத் தாண்டினால் திரும்பாது. அந்த எல்லைதான் யீல்டு. அறுவதற்கு முன் தாங்கிய உச்சம் அல்டிமேட். அறுந்த பிறகு இரண்டு துண்டையும் சேர்த்து வைத்து அளந்தால் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பது நீட்சி.

கம்பிக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1786ன்படி எஃப்இ 500க்கு யீல்டு குறைந்தது 500 மெகாபாஸ்கல் (ஒரு மெகாபாஸ்கல் என்றால் சதுர மி.மீ.க்கு ஒரு நியூட்டன்), அல்டிமேட் குறைந்தது 545, அதோடு அல்டிமேட் அந்தக் கம்பியின் உண்மையான யீல்டைவிட 8 சதவீதமாவது கூடுதலாக இருக்க வேண்டும், நீட்சி 12 சதவீதம். உங்கள் கம்பியில் 665ஐ 610ஆல் வகுத்தால் 1.09. எல்லாவற்றிலும் பாஸ். ஆனால் வாங்கியது இன்னும் நன்றாக நீளக்கூடிய வகையான 500டி என்றால் 10 சதவீத இடைவெளியும் 16 சதவீத நீட்சியும் கேட்பார்கள், அதில் இதே கம்பி ஃபெயில்.

நிலநடுக்கத்துக்கு வடிவமைத்த தூண், உத்திரம் என்றால் இன்னும் மோசம். அதற்கான ஐ.எஸ். 13920, அல்டிமேட்டை யீல்டால் வகுத்த விகிதம் 1.15 வேண்டும் என்கிறது, நீட்சி 14.5க்கு மேல் கேட்கிறது, முக்கியமாக உண்மையான யீல்டு 500ஐ விட 20 சதவீதத்துக்கு மேல் *கூடக் கூடாது* என்கிறது. அதாவது 600தான் உச்சவரம்பு, உங்களுடையது 610. ஏன் அப்படி? உத்திரத்தின் முனையில் கம்பி முதலில் இளகி (அதாவது யீல்டைத் தாண்டி), நீண்டு, அந்த இடம் மெதுவாக மடங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் வடிவமைப்பாளர் தூணையும், கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையங்களையும் அதைவிட வலுவாக வைத்திருப்பார். கம்பி கணக்கைவிட முரடாக வந்துவிட்டால் இளக வேண்டிய இடம் இளகாமல், சுமை முழுக்க வெட்டுவிசையாகவும் (குறுக்கே வெட்டப் பார்க்கும் விசை) தூணுக்கும் போய்விடும், அங்கே முறிவு முன்னறிவிப்பு இல்லாமல் வரும். அமெரிக்கத் தரநிலையான ஏஎஸ்டிஎம் ஏ706லும் இதே யோசனைதான்: கிரேடு 60க்கு யீல்டு 420க்குக் குறையவும் கூடாது, 540ஐத் தாண்டவும் கூடாது, அல்டிமேட் உண்மையான யீல்டைப் போல 1.25 மடங்காவது இருக்க வேண்டும். கம்பி விஷயத்தில் "கூடுதல் வலு இருந்தால் நல்லதுதானே" என்பது நான் அடிக்கடி கேட்கும் வாதம், எனக்கு அதில் உடன்பாடே இல்லை.

கேள்வி: அண்ணா, லேப் வசதி இல்லாத சைட்டில் நானே செய்து பார்க்கக்கூடிய சோதனை எது?

தராசு. சிரிக்காதீர்கள், அதைவிட நல்ல முதல் சோதனை கிடையாது. மில்லிமீட்டரில் விட்டத்தை வர்க்கப்படுத்தி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வந்துவிடும். 8 மி.மீ. என்றால் 395 கிராம், 10க்கு 617, 12க்கு 888, 16க்கு 1.58 கிலோ. துருவையும் மண்ணையும் தட்டிவிட்டு, முனையை நேராக வெட்டி, நீளத்தைச் சரியாக அளந்து எடை போடுங்கள். வெர்னியர் காலிப்பரை வைத்து விட்டம் அளக்காதீர்கள், கம்பியின் மேல் புடைத்த வரிகள் இருப்பதால் எங்கே பிடித்தாலும் ஒவ்வொரு அளவு காட்டும்.

தனி ஒரு மாதிரிக்கு ஐ.எஸ். 1786 அனுமதிக்கும் குறைவு: 10 மி.மீ. வரை 8 சதவீதம், 16 வரை 6 சதவீதம், அதற்கு மேல் 4 சதவீதம். மொத்த லாட்டின் (சேர்ந்து வந்த சரக்கின்) சராசரிக்கு இதைவிடக் கண்டிப்பு: 7, 5, 3.

கேள்வி: எடை குறைந்த கம்பிகூட இழுவிசை சோதனையில் பாஸ் ஆகிவிடுகிறதே, அது எப்படி?

இந்தக் கேள்விக்காகவே இவ்வளவு நேரம் காத்திருந்தேன். தகைவு என்பது சுமையைப் பரப்பால் வகுப்பது. எந்தப் பரப்பு? ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 12 மி.மீ. கம்பி, ஒரு மீட்டருக்கு 830 கிராம்தான் இருக்கிறது. எஃகின் அடர்த்தி கன மீட்டருக்கு 7850 கிலோ என்பதால் உண்மையில் இருக்கும் பரப்பு 105.7 சதுர மி.மீ. ஆனால் 12 மி.மீ. என்ற பெயருக்கு இருக்க வேண்டிய பரப்பு 113.1. கம்பி 54.5 கிலோநியூட்டனில் இளகியது என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பரப்பால் வகுத்தால் 516, பாஸ். பெயரளவுப் பரப்பால் வகுத்தால் 482, ஃபெயில்.

ஐ.எஸ். 1786 எடையிலிருந்து கணக்கிட்ட உண்மைப் பரப்பைக் கேட்கிறது, ஐரோப்பிய வழக்கமான ஐஎஸ்ஓ 15630 பெயரளவுப் பரப்பைப் பயன்படுத்துகிறது. இரண்டுமே தப்பில்லை, உண்மைப் பரப்பு முறை எஃகின் தரத்தைச் சொல்கிறது, எடைச் சோதனை தனியாக அளவைப் பார்த்துக்கொள்கிறது. தப்பு எங்கே என்றால், எடையை விட்டுவிட்டு யீல்டை மட்டும் பார்த்து கையெழுத்துப் போடுவதில். வடிவமைப்பாளர் 113 இருக்கிறது என்று நம்பித்தான் கம்பி எண்ணிக்கையைப் போட்டிருக்கிறார். மேலே சொன்ன 830 கிராம் கம்பி 6.5 சதவீதம் குறைவு, எடையிலேயே அதைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

கேள்வி: ஒரு தரநிலையில் நீட்சி 9 சதவீதம் போதும் என்கிறது, இன்னொன்றில் 16 கேட்கிறது. 9 போதும் என்கிற நாட்டில் தரம் குறைவா?

இல்லை, அளக்கும் நீளம் வேறு. கம்பி அறுவதற்கு முன் ஓரிடத்தில் கழுத்துப் போல ஒடுங்கும், நீட்சியில் பெரும்பங்கு அந்தச் சின்ன இடத்தில்தான் நடக்கிறது. ஐ.எஸ். முறையில் விட்டத்தைப் போல ஐந்து மடங்கு நீளத்தில் அளக்கிறோம், 16 மி.மீ. கம்பிக்கு 80 மி.மீ. அது 93 ஆனால் 16.25 சதவீதம். ஏஎஸ்டிஎம் ஏ615ல் 200 மி.மீ. நீளத்தில் அளப்பார்கள், அதே ஒடுக்கம் பெரிய நீளத்தில் பங்கிடப்படுவதால் சதவீதம் தானாகக் குறைந்துவிடும். ஆகவே இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பேசவே கூடாது.

இந்தக் குழப்பம் இல்லாத அளவு ஒன்று இருக்கிறது: உச்ச சுமையில் இருக்கும்போது, ஒடுக்கம் தொடங்கும் முன், கம்பி முழுக்கச் சீராக எவ்வளவு நீண்டது என்பது. ஐரோப்பிய பி500ஏ, பி500பி, பி500சி வகைகளைப் பிரிப்பதே இதை வைத்துத்தான், முறையே 2.5, 5, 7.5 சதவீதம். மூன்றுக்கும் யீல்டு அதே 500. எனக்கு ஒரே ஒரு எண்தான் காட்டுவார்கள் என்றால் இதைத்தான் கேட்பேன்.

கேள்வி: வெட்டிய முனையில் கருப்பு வளையம் தெரிந்தால் அசல் டிஎம்டி (உருட்டிய சூட்டிலேயே தண்ணீரில் இறுக்கிய கம்பி) என்கிறார்களே?

பாதி உண்மை. உருட்டி வெளியே வரும் சிவந்த கம்பியின்மீது வேகமாகத் தண்ணீரைப் பாய்ச்சும்போது வெளித்தோல் மட்டும் சட்டென்று இறுகி மார்ட்டென்சைட் என்ற மிகக் கடினமான எஃகாகிவிடும், உள்ளே இன்னும் சூடு இருக்கும், அந்தச் சூடு வெளியே பரவி தோலின் முரட்டுத்தனத்தைக் கொஞ்சம் தணிக்கும். உள்பகுதி மென்மையாக, நீளக்கூடியதாக நின்றுவிடும். முனையை வழவழப்பாகத் தேய்த்து, ஆல்கஹாலில் சிறிதளவு நைட்ரிக் அமிலம் கலந்து தடவினால் வெளித்தோல் கருத்த வளையமாகத் தெரியும். சுற்றிலும் ஒரே கனமாக, விட்டுப் போகாமல் இருக்க வேண்டும். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் காணாமல் போயிருந்தால் தண்ணீர் சரியாகப் படவில்லை என்று அர்த்தம். ஆனால் வளையம் அழகாக இருக்கிறது என்பதற்காக யீல்டு எவ்வளவு என்று யாரும் சொல்லிவிட முடியாது. அமிலத்தை லேபில் கையாளத் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள்.

இதிலிருந்து இன்னொன்று. லேபில் பெரிய கம்பி மெஷினில் பிடிபடவில்லை என்று லேத்தில் கடைந்து மெலிதாக்கிச் சோதித்தால், வலுவைத் தருகிற தோலையே சீவி எறிந்துவிட்டீர்கள். கம்பியை வந்தபடியே, முழு விட்டத்தோடு இழுக்க வேண்டும்.

கேள்வி: சார், எங்கள் பார்பெண்டர் தடித்த கம்பியை கேஸ் விளக்கில் சூடாக்கி வளைக்கிறார். சரியா?

கூடாது. நிறுத்தச் சொல்லுங்கள். தண்ணீரில் இறுக்கி வந்த வலு, சுமார் 500, 600 டிகிரிக்கு மேல் போனால் கரைந்துவிடும், ஆறிய பிறகும் திரும்பாது.

கேள்வி: வளைத்த கம்பியைத் திரும்ப நேராக்கிப் பயன்படுத்தலாமா? "ரீபெண்டு டெஸ்ட் பாஸ்" என்று சர்டிபிகேட்டில் இருக்கிறது.

அந்தச் சோதனை எப்படி நடக்கிறது தெரியுமா? கம்பியை அதன் விட்டத்துக்கேற்ற உருளையைச் சுற்றி, இரு பக்கத்துக்கும் இடையிலுள்ள கோணம் 135 டிகிரி ஆகும்வரை வளைப்போம் (நேர்க்கம்பி 180), கொதிக்கும் தண்ணீரில் 30 நிமிடம் போட்டு எடுத்து ஆற வைப்போம், பிறகு 157.5 டிகிரி வரை விரிப்போம். விரிசல் தெரிந்தால் ஃபெயில். கொதிநீரில் போடுவது சும்மா இல்லை: வளைந்த எஃகு மாதக்கணக்கில் கிடக்கும்போது உள்ளே இருக்கும் நைட்ரஜன் முதலானவற்றால் மெல்ல உடையும் தன்மை வரும், அந்த முதுமையைச் சூட்டில் விரைவாக வரவழைக்கிறோம்.

கவனியுங்கள், 45 டிகிரி வளைத்து அதில் பாதியைத்தான் திருப்புகிறோம், அதுவும் சரியான உருளையில், நிதானமாக. சைட்டில் 90 டிகிரி கூர்மையாக மடக்கிய கம்பியில் பைப்பைச் செருகி நெம்புவதற்கு இந்தச் சர்டிபிகேட் அனுமதி தரவில்லை. வேறு வழியே இல்லை என்றால் மெலிந்த கம்பிக்கு மட்டும், ஒரே ஒரு முறை, வடிவமைப்பாளரைக் கேட்டுவிட்டு. வளைவின் உள்பக்கம் வரிகளின் அடிவாரத்தில் நகம் படும் அளவு கீறல் தெரிந்தாலும் அந்தக் கம்பி போச்சு.

கேள்வி: மழையில் நனைந்து கம்பி முழுக்க துரு. ஒதுக்கிவிடலாமா?

துடைத்தால் துணியில் ஒட்டும் பழுப்புத் துரு ஒன்றும் செய்யாது, கான்கிரீட் பிடிப்பு குறையாது. செதிலாக உரிந்து வருவதும், தேய்த்த பிறகு குழிகுழியாகத் தெரிவதும்தான் பிரச்சினை. கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு எடை போடுங்கள், எடை வரம்புக்குள் இருக்கிறதா, வரிகள் மழுங்காமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். கடல் காற்றிலோ உப்புநீரிலோ கிடந்தது என்றால் நல்ல தண்ணீரில் கழுவாமல் உள்ளே விடாதீர்கள். என்னைக் கேட்டால் துருவைவிட எண்ணெயும் ஷட்டரிங் கிரீஸும் பூசிய கம்பிக்குத்தான் அதிகம் பயப்படுவேன்.

கேள்வி: ஒரு சாம்பிள் ஃபெயில். சப்ளையர் "வேறு சாம்பிள் எடுங்கள்" என்கிறார். எத்தனை தடவை எடுப்பது?

ஒரு தடவை. அதே லாட்டிலிருந்து இன்னும் இரண்டு மாதிரி எடுக்க வேண்டும், இரண்டுமே பாஸ் ஆக வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் லாட் முழுக்க வெளியே. பாஸ் ஆகும் வரை எடுத்துக்கொண்டே போவதற்குப் பெயர் சோதனை இல்லை. ஆனால் கம்பி மெஷினின் தாடைக்குள்ளேயோ, பிடி பட்ட இடத்திலேயோ அறுந்து எண் குறைவாக வந்தால் அது கம்பியின் குற்றம் ஆகாது, அந்த மாதிரியைத் தள்ளிவிட்டு வேறொன்றை இழுப்பது நியாயம்தான்.

சாம்பிளை நீங்களே, உங்கள் கண்ணுக்கு முன்னால், வெவ்வேறு கட்டுகளிலிருந்து வெட்டச் சொல்லுங்கள். கட்டில் தொங்கும் சீட்டில் இருக்கும் ஹீட் நம்பரும் (எந்த உருக்கில் வந்த எஃகு என்ற எண்) மில் சர்டிபிகேட்டில் இருப்பதும் ஒன்றா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும், அதைப் பார்ப்பவர்கள் அபூர்வம்.

கேள்வி: கம்பியை வெல்டிங் வைத்து இணைக்கலாமா?

கம்பியின் வேதியியலைப் பார்க்காமல் வேண்டாம். கார்பனோடு மாங்கனீஸில் ஆறில் ஒரு பங்கு, அப்புறம் குரோமியம், நிக்கல் முதலானவற்றின் பங்கைச் சேர்த்து கார்பன் ஈக்விவலென்ட் என்று கணக்கிடுவார்கள். பிரிட்டிஷ் தரநிலை பிஎஸ் 4449 இதை வார்ப்பில் 0.50க்குள் வைக்கிறது, ஏ706ல் 0.55. இதைத் தாண்டினால் வெல்டிங் ஓரத்தில் எஃகு முரடாகி விரிசல் விடும் ஆபத்து கூடும். கட்டுக்கம்பிக்குப் பதிலாக வளையத்தை ஒரு பொட்டு வெல்டிங் வைத்து நிறுத்துவதும் இதே ஆபத்துதான், சின்னப் பொட்டு என்பதால் சட்டென்று ஆறி இன்னும் முரடாகும்.

கேள்வி: ஏற்கெனவே கட்டிய பழைய கட்டடத்தில் உள்ளே கம்பி எப்படி இருக்கிறது என்று உடைக்காமல் தெரியுமா?

ஓரளவு தெரியும். கவர் மீட்டர் காந்தப்புலத்தை வைத்து கம்பி எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்று காட்டும். நெருக்கமாகக் கம்பி கட்டிய இடத்தில் ஏமாற்றும். துரு நடக்கிறதா என்று பார்க்க ஹாஃப் செல்: காப்பர் சல்பேட் மின்முனையை கான்கிரீட் மேல் வைத்து மின்னழுத்தம் அளப்பது. ஏஎஸ்டிஎம் சி876 கணக்கில் மைனஸ் 200 மில்லிவோல்ட்டைவிட மேலே இருந்தால் துரு இல்லாமலிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு, மைனஸ் 350க்குக் கீழே போனால் துரு நடக்க 90க்கு மேல் வாய்ப்பு, நடுவில் உறுதியில்லை. இது துரு நடக்கிற வாய்ப்பைத்தான் சொல்லும், கம்பி எவ்வளவு தேய்ந்துவிட்டது என்று சொல்லாது. ரிப்போர்ட்டில் "30 சதவீதம் அரிப்பு, ஹாஃப் செல்படி" என்று யாராவது எழுதியிருந்தால் அதை ஓரமாக வையுங்கள்.

கூடவே ஒரு சின்ன இடத்தை உடைத்து, புதிதாக உடைந்த முகத்தில் காரத்தில் நிறம் மாறும் பினாப்தலீன் கரைசலைத் தெளியுங்கள். ரோஜா நிறமானால் கான்கிரீட்டின் காரத்தன்மை உயிரோடு இருக்கிறது, கம்பிக்குப் பாதுகாப்பு உண்டு. கம்பி இருக்கும் ஆழம் வரை நிறமே வராமல் போனால் கார்பன் டை ஆக்சைடு அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. உப்பால் வரும் துருவை இது காட்டாது, அதற்கு கான்கிரீட் தூளில் குளோரைடு பார்க்க வேண்டும். எந்தக் காலத்துக் கம்பி, என்ன வலு என்று தெரியாவிட்டால், சுமை குறைந்த இடமாக வடிவமைப்பாளர் குறித்துத் தரும் இடத்தில் ஒரு துண்டை வெட்டி இழுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. வெட்டிய இடத்தில் அதே அளவு கம்பியைப் போதுமான நீளம் மேவ வைத்து மூட வேண்டும். வெட்டுவதற்கு கேஸ் கட்டர் வேண்டாம், ரம்பம் போதும். துண்டு 60 செ.மீ.க்குக் குறையாமல் இருந்தால் மெஷினில் பிடிக்க வசதியாக இருக்கும்.